கொடிமலை விளக்கில் இரண்டு மஞ்சள் குளவிகள்

அந்துப்பூச்சிக்கு விளக்கு வைக்கிறவர்கள் எல்லோருக்கும் அந்த மஞ்சள் குளவியைத் தெரியும். பெயர் கேட்டால்தான் விழிப்பார்கள். வெள்ளைத் துணியில் இறங்கியதும் அது அந்துப்பூச்சி மாதிரி ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்காது. நீண்ட உணர்கொம்புகள் துடிக்க மேலும் கீழும் ஓடும். கால்களைத் தொங்கவிட்டபடி எழும்பும். மறுபடி வந்து விழும். உடம்பு முழுக்க வெளிறிய ஆரஞ்சும் பழுப்பும் கலந்த ஒரே நிறம். வயிறு பக்கவாட்டில் தட்டையாகிக் கீழ்நோக்கி வளைந்திருக்கும். உச்சந்தலையில் இருக்கும் மூன்று தனிக்கண்கள் பக்கக் கண்களை முட்டும் அளவுக்குப் பெருத்திருக்கும். கையில் பிடித்தால் கொட்டும். வலி கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும்.

இதை ஒரே குளவி என்று எடுத்துக்கொள்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது. ஒரே துணியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு மஞ்சள் குளவிகள், உறவு முறையில் வெகுதூரம் விலகியவையாக இருக்கலாம். பினாங்கில் பெரும்பாலும் அந்த இரண்டும் எனிகோஸ்பைலஸ், நெட்டீலியா என்னும் பேரினங்களே. இரண்டும் இக்நியூமோனிடே என்ற ஒட்டுண்ணிக் குளவிக் குடும்பத்தில் அடங்கும். ஆனால் முன்னது ஒஃபியோனினே துணைக்குடும்பம், பின்னது டிரைஃபோனினே துணைக்குடும்பம். உலகம் முழுக்க எனிகோஸ்பைலஸில் 700க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நெட்டீலியாவில் 300க்கும் மேல். இரண்டுமே அந்துப்பூச்சிப் புழுக்களைத் தின்று வளர்பவை.

பினாங்குத் தீவில் இவற்றைப் பார்க்க நல்ல இடம், நம்மவர்கள் கொடிமலை என்று சொல்லும் பினாங்கு மலைதான். ஜார்ஜ்டவுன் கடைவரிசை நடைபாதைகளான அஞ்சடிகளில் தெருவிளக்கைச் சுற்றுவதெல்லாம் விட்டிலும் ஈசலும். மலைக்காட்டு விளிம்பில் விளக்கு வைத்தால் கதையே வேறு. 833 மீட்டர் உயரமுள்ள இந்த மலையில் 2017 அக்டோபரில் உள்நாட்டு, வெளிநாட்டு ஆய்வாளர்கள் கூடி உயிரினக் கணக்கெடுப்பு நடத்தினார்கள். 2021 செப்டம்பரில் யுனெஸ்கோ இதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. அடிவாரத்தில் 1884இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா, அதற்கருகே தண்ணீர்மலை முருகன் கோயில், வடமேற்கு மூலையில் தெலுக் பாஹாங் தேசியப் பூங்கா என்று காடும் ஊரும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும் தீவு இது. பூச்சி பார்க்கிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

எந்த இரவு நல்ல இரவு என்பதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் சரவாக்கில், ராஜா ஜேம்ஸ் புரூக்கின் மலைக்குடிலில் தங்கி, வெள்ளையடித்த தாழ்வாரத்தில் விளக்கை வைத்து அந்துப்பூச்சி பிடித்தார். 26 இரவுகளில் 1,386 பூச்சிகள். அவற்றில் 800க்கும் மேற்பட்டவை மழை கொட்டிய, நிலவில்லாத 4 இரவுகளில் மட்டுமே கிடைத்தவை. அவர் எண்ணியது அந்துப்பூச்சியை. ஆனால் குளவிக்கும் அதே இரவுதான் ராசியான இரவு. பௌர்ணமியன்று மலையேறிவிட்டு ஒன்றும் வரவில்லையே என்று புலம்புவதில் பயனில்லை.

சரி, இரண்டும் ஏன் இப்படி அச்சு அசலாய் ஒத்திருக்கின்றன? சொந்தம் அல்ல காரணம், இரவுதான். இருட்டில் பறப்பவனுக்குப் பெரிய தனிக்கண் வேண்டும், மணத்தைத் துழாவ நீண்ட உணர்கொம்பு வேண்டும். கறுப்பும் வெள்ளையுமாய் எச்சரிக்கும் நிறத்துக்கு அங்கே வேலையில்லை, சாயம் வெளுத்துப்போகிறது. இக்நியூமோனிடேயில் பல கிளைகள் தனித்தனியே இரவுக்கு மாறி, தனித்தனியே இதே தோற்றத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. பிரகோனிடே என்ற அண்டைக் குடும்பத்திலும் இதே கதை. தான் கொன்ற புழுவின் உடலை மம்மியாக உலர்த்தி, அதற்குள்ளேயே கூட்டுப்புழுவாகும் அலெயோடஸ் சிலவும் இதே மஞ்சளில் விளக்குக்கு வரும். அவற்றைக் கழிப்பது சுலபம். இக்நியூமோனிடேயில் முன்சிறகின் வெளிப்பாதியில், பின்விளிம்பை நோக்கி இறங்கும் இரண்டாவது குறுக்கு நரம்பு ஒன்று இருக்கும். பிரகோனிடேயில் அது இருக்காது. ஆகவே நிறத்தையும் உருவத்தையும் வைத்து இரவுக் குளவிக்குப் பெயர் சொல்கிறவர், எவ்வளவு அனுபவசாலியானாலும், ஊகம்தான் செய்கிறார்.

சிறகில் இறங்கினால் ஊகம் முடிந்துவிடும். பத்து மடங்கு பெருக்கும் ஒரு கைலென்ஸ் போதும். குளவியைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, கொஞ்ச நேரம் ஐஸ் பெட்டியில் வைத்தால் அடங்கும். பிறகு முன்சிறகை விளக்கின் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, முன்விளிம்பின் நடுவில் உள்ள தடித்த தழும்பைத் தேட வேண்டும். அந்தத் தழும்புக்குச் சற்று அப்பால் நரம்புகள் கூடிச் சின்னஞ்சிறு முக்கோண அறை ஒன்றைக் கட்டியிருந்தால், அந்த அறை காம்பு வைத்து மேல் நரம்பில் தொங்கினால், அது நெட்டீலியா. அங்கே அறையே இல்லாமல் ஒற்றைக் குறுக்கு நரம்பு மட்டும் ஓடினால், அதுவும் நான் மேலே சொன்ன இரண்டாவது நரம்பைத் தாண்டி வெளிப்பக்கமாக இருந்தால், ஒஃபியோனினே. இனி பார்வையைத் தழும்புக்கு நேர் கீழே உள்ள பெரிய அறைக்கு நகர்த்தலாம். சிறகுச் சவ்வு முழுக்க நுண்ணிய முடி இருக்கும். இந்த அறையின் மேல் மூலையில் மட்டும் ஒரு திட்டு முடியின்றிப் பளிங்காகத் தெரியும். அந்தத் திட்டின் நடுவே தேன் நிறத்தில் ஒன்றோ இரண்டோ தகடுகள், எந்த நரம்போடும் ஒட்டாமல் தனியே மிதக்கும். அதைப் பார்த்துவிட்டால் எனிகோஸ்பைலஸ்தான் என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம். ஏறக்குறைய என்பதற்குக் காரணம் உண்டு. டிகாம்ப்டஸ் என்ற சொந்தக்காரப் பேரினமும் அந்த முடியற்ற திட்டையும் தகட்டையும் வைத்துக்கொண்டு நம் பகுதியில் திரிகிறது. எனிகோஸ்பைலஸிலேயே சில இனங்களில் தகடு மங்கித் தேய்ந்திருக்கும்.

சிறகு கிழிந்த மாதிரி கிடைத்தால் வயிற்றின் முதல் கணுவைப் பார்க்கலாம். அதன் இரு பக்கமும் மூச்சுத்துளை உண்டு. நெட்டீலியாவில் அது கணுவின் நடுவுக்கு முன்னால். எனிகோஸ்பைலஸில் நடுவைத் தாண்டிப் பின்பக்கம். வேறு அடையாளங்களும் உண்டு. அவற்றை இங்கே அடுக்கத் தேவையில்லை.

இந்த இடத்தில் ஒரு புத்தகப் பிரச்சினை. இரவுக் குளவிகளை அடையாளம் காண எளிதில் கைக்கு வருவதெல்லாம் பிரிட்டனில் எழுதியவை. இயன் கால்டும் டாம் ஹடில்ஸ்டனும் 1976இல் பிரிட்டிஷ் தீவுகளின் இரவு ஒட்டுண்ணிக் குளவிகளுக்கு ஒரு வழிகாட்டி எழுதினார்கள். 1988இல் அதே இருவர் விளக்குப் பொறிகளில் விழும் ஒட்டுண்ணிக் குளவிகள் பற்றி இன்னொன்று. அங்கே பெரிய மஞ்சள் குளவி என்றால் முதலில் ஓஃபியன் என்ற பேரினம் நினைவுக்கு வரும். அதன் பெரிய அறையில் முடியற்ற திட்டு கிடையாது. நரம்பிலிருந்து ஒரு குட்டி முனை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். நம் வெப்பக் காடுகளில் ஓஃபியன் அரிது, அந்த இடத்தை எனிகோஸ்பைலஸ் பிடித்துக்கொண்டது. பிரிட்டிஷ் படத்தைப் பார்த்துக் கொடிமலைக் குளவிக்கு ஓஃபியன் என்று பெயர் சூட்டிய புகைப்படங்களை இணையத்தில் பார்க்கும்போது, சிறகு தெளிவாகத் தெரிந்தும் யாரும் பார்க்கவில்லையே என்று தோன்றும். வேடிக்கை என்னவென்றால், நமக்கான புத்தகத்தை எழுதியவரும் அதே கால்டுதான். மிட்செலுடன் சேர்ந்து இந்தோ-பாப்புவா பகுதியின் ஒஃபியோனினே பற்றி 1981இல் அவர் வெளியிட்ட நூல்தான் இன்றைக்கும் மலேசிய எனிகோஸ்பைலஸுக்குத் தொடக்கப் புள்ளி.

உருவத்தில் ஒத்த இந்த இரண்டும் புழுவைக் கையாளும் விதத்தில் நேர் எதிர்.

எனிகோஸ்பைலஸ் தாய் புழுவின் தோலைக் குத்தி முட்டையை உடலுக்குள் விடுகிறது. வேலை நொடிக்கணக்கில் முடிந்துவிடும். வெளியே தடயம் இல்லை. புழு வழக்கம்போல் தின்கிறது, தோலுரிக்கிறது, வளர்கிறது. உள்ளே இருக்கும் குட்டி அவசரப்படாமல் காத்திருக்கும். புழு முழு வளர்ச்சி அடையும் நேரம் பார்த்துத்தான் அது வேகமெடுத்து உயிருறுப்புகளைத் தின்கிறது. உள்ளே இருப்பது பத்திரம் என்று நினைக்க வேண்டாம். புழுவின் இரத்த அணுக்கள் அந்நியப் பொருளைக் கண்டால் சுற்றிச் சூழ்ந்து, உறை கட்டி, மூச்சடைத்துக் கொல்லப் பார்க்கும். அதைத் தாண்டிப் பிழைக்கும் வித்தை ஒவ்வொரு புழு வகைக்கும் ஒவ்வொரு மாதிரி தேவைப்படுகிறது.

நெட்டீலியாவின் வழி வெளிப்படையானது. முதிர்ந்த புழுவைத் தேடிப் பிடித்து, கொட்டிச் சற்று நேரம் முடக்கி, தலைக்குச் சற்றுப் பின்னால், புழு திரும்பிக் கடிக்க எட்டாத இடமாகப் பார்த்து முட்டை வைக்கிறது. கறுத்துப் பளபளக்கும் அந்த முட்டைக்குக் காய்க்கு இருப்பதுபோல் ஒரு காம்பு உண்டு. காம்பின் நுனி தோலுக்குள் நங்கூரமாய்ப் பதிந்துவிடும். முட்டை வெளியே நிற்கும். முடக்கம் தெளிந்த புழு எழுந்து தன் வேலையைப் பார்க்கப் போகிறது. மண்ணுக்குள் இறங்கி, கூட்டுப்புழுவாக அறை குடைந்து அடங்கிய பிறகுதான் முட்டை பொரிகிறது. பொரிந்த குட்டியும் உடனே முட்டை ஓட்டை விட்டு வருவதில்லை. வால்முனையை ஓட்டுக்குள் மாட்டிக்கொண்டு, தலையை மட்டும் நீட்டிப் புழுவின் சாற்றை உறிஞ்சத் தொடங்குகிறது. இரத்த அணுக்களால் இதை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் வேறொரு ஆபத்து உண்டு: புழு இன்னொரு முறை தோலுரித்தால் தோலோடு முட்டையும் போய்விடும். கடைசிப் பருவப் புழுவையே இது நாடுவதும், காம்பை அவ்வளவு ஆழமாய்ப் பதிப்பதும் அதனால்தான் என்று படுகிறது.

1860 மே 22 அன்று டார்வின் தம் அமெரிக்க நண்பர் ஏசா கிரேக்கு எழுதிய கடிதம் பிரபலமானது. உயிருள்ள புழுக்களின் உடலுக்குள் இருந்து தின்பதற்கென்றே இக்நியூமோனிடேயை அன்பே உருவான கடவுள் படைத்திருப்பார் என்பதைத் தம்மால் நம்ப முடியவில்லை என்று அதில் சொல்கிறார். அவர் குறிப்பிட்ட குற்றத்துக்கு எனிகோஸ்பைலஸ் பொருந்தும். நெட்டீலியாவுக்காக வாதாட ஒரு வக்கீல் வந்தால், என் கட்சிக்காரர் உள்ளே நுழையவே இல்லை என்று சொல்லித் தப்பிக்கலாம்! புழுவுக்கு அதனால் ஒன்றும் ஆகிவிடப் போவதில்லை.

வெப்ப நாடு என்றால் எல்லாப் பூச்சியும் அதிகம் என்ற பொது நம்பிக்கையைக் கெடுத்த குடும்பமும் இதுதான். வட அமெரிக்காவில் இக்நியூமோனிடே இனங்கள் உச்சத்தில் இருப்பது வடக்கே 38 முதல் 42 பாகை அட்சரேகைக்குள் என்று டேனியல் ஜான்சன் 1981இல் எழுதினார். வெப்ப நாட்டுப் புழுக்கள் நச்சு இலைகளைத் தின்று தாமும் நஞ்சாகிவிடுவதால் ஒட்டுண்ணிகளுக்கு அவை ஒத்துக்கொள்வதில்லை என்று 1992இல் கால்டும் காஸ்டனும் ஜான்சனும் ஒரு விளக்கம் தந்தார்கள். ஒஃபியோனினே மட்டும் இந்தப் போக்குக்கு வளைந்து கொடுக்கவில்லை. பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க அது செழிக்கிறது. பினாங்கு விளக்கில் எனிகோஸ்பைலஸ் விதவிதமாக வருவது தற்செயல் அல்ல.

பேரினம் வரை இரண்டுக்கும் பாதை ஒன்றுதான்: சிறகு. அதற்குக் கீழே, இனம் எது என்று கேட்கும்போது பாதை பிரிகிறது. என் பார்வையில் இந்த ஒப்பீட்டிலேயே முக்கியமான இடம் இதுதான். எனிகோஸ்பைலஸில் இன அடையாளத்தின் பெரும்பங்கு அதே பளிங்குத் திட்டில் எழுதியிருக்கிறது. தகடு ஒன்றா இரண்டா, முக்கோணமா நீள்வட்டமா, நடுவில் இன்னொரு புள்ளி இருக்கிறதா, தழும்பிலிருந்து கிளம்பும் நரம்பு எங்கே தடித்து எப்படி வளைகிறது என்று பார்த்து, நரம்புத் துண்டுகளின் நீள விகிதங்களையும் தாடையின் முறுக்கையும் சேர்த்துக்கொண்டால் பல இனங்கள் பிரிந்துவிடும். ஆண் பெண் வேறுபாடு இங்கே பெரிய தடை இல்லை. நெட்டீலியாவில் சிறகு அவ்வளவு பேசுவதில்லை. இன வேறுபாடு பெரும்பாலும் ஆணின் இனவுறுப்புக்குள் ஒளிந்திருக்கிறது. வயிற்று நுனியை வெட்டி, காஸ்டிக் பொட்டாஷில் ஊறவைத்துச் சதையை நீக்கி, கவ்வியின் உட்புறத்தை விரித்து, அங்கே இருக்கும் மடிப்பும் திண்டும் எந்த வடிவம் என்று நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பெண்ணுக்கு இந்த வசதி கிடையாது. ஆக, புழுவைத் தேடி முட்டை வைத்து உண்மையான வேலையைச் செய்யும் பெண் நெட்டீலியா பெயரில்லாமல் நிற்கிறது.

இதைக் குளவியின் இளம் பருவத்தோடு சேர்த்துப் பார்த்தால் தலைகீழாகிறது. வளர்ந்த எனிகோஸ்பைலஸ் தன் அடையாளத்தைச் சிறகில் எல்லோரும் காணக் காட்டுகிறது. அதன் குட்டியோ புழுவுக்குள் மறைந்துகிடக்கிறது, அறுத்துப் பார்த்தாலொழிய தெரியாது. வளர்ந்த நெட்டீலியா அடையாளத்தை உடலுக்குள் ஒளிக்கிறது. அதன் முட்டையோ புழுவின் கழுத்தருகே கறுப்பாக, வெறுங்கண்ணுக்கே தெரியும். விளக்கு வைப்பவருக்கு முதலாவது சாதகம், வயலில் நிற்பவருக்கு இரண்டாவது. தமிழ்நாட்டில் கடலை, பருத்திக்காரர்கள் திட்டும் புரொடீனியாவும் காய்ப்புழுவும், 2018இல் இந்தியாவிலும் அடுத்த ஆண்டு மலேசியாவிலும் தலைகாட்டிய மக்காச்சோளப் படைப்புழுவும் நாக்டுயிடே குடும்பத்தவை. இரண்டு குளவிகளுக்கும் பிடித்தமான குடும்பம் அது. ஆஸ்திரேலியாவில் நெட்டீலியா புரொடக்டாவைப் பருத்தி விவசாயிகளே நன்கு அறிவார்கள். தீவுக்கு எதிர்க்கரையான செபராங் பிறையின் வயலோரத்தில் புழு பொறுக்கும்போது கழுத்தில் கறுப்பு மணியோடு ஒன்று கிடைத்தால், அதை மண் போட்ட டப்பாவில் வைத்து வளர்த்துப் பார்க்கலாம். எந்தக் குளவி எந்தப் புழுவிலிருந்து வருகிறது என்பதை விளக்குப் பொறி ஒருநாளும் சொல்லாது. பொறியில் நூறு குளவி பிடித்தவரைவிடப் புழுவிலிருந்து ஒன்றை வளர்த்தெடுத்தவரின் குறிப்பு மதிப்புள்ளது என்பேன்.

நூல் விஷயத்தில் இந்தியா இரண்டையும் அடுத்தடுத்துக் கவனித்தது. 1979இல் கௌரும் ஜோனதனும் நெட்டீலியா அடங்கிய ஃபைட்டோடியெட்டினி என்ற குழுவின் இந்திய இனங்களைத் தொகுத்தார்கள். 1980இல் நிகாம் இந்திய எனிகோஸ்பைலஸைத் தொகுத்தார். அதற்கு முன் மார்லி 1913இல் எழுதிய பிரிட்டிஷ் இந்தியப் பூச்சித் தொகுதியும், டவுன்ஸ் தம்பதியும் குப்தாவும் 1961இல் வெளியிட்ட இந்தோ-ஆஸ்திரேலியப் பட்டியலும் உண்டு. மலேசியத் தீபகற்பத்து நெட்டீலியாவைப் பார்ப்பவர் இவற்றுக்கிடையே தாவித் தாவித்தான் வழி தேட வேண்டும். கால்டு-மிட்செல் போன்ற ஒரு நூல் அதற்கு வாய்க்கவில்லை.

ஆகையால் கொடிமலையில் பொறி வைப்பவர் இரண்டையும் ஒரே மாதிரி நடத்தக்கூடாது. எனிகோஸ்பைலஸ் என்று தெரிந்தால் உயிரோடு விட்டுவிட்டுக்கூட உருப்படியான பதிவு செய்யலாம். ஒரு பக்கத்து முன்சிறகை வெள்ளைத் தாளில் மெல்ல விரித்து, தழும்பும் பெரிய அறையும் முழுசாய் விழும்படி மேக்ரோ லென்ஸில் ஒரு படம். அந்தப் படம் இருந்தால் ஒரு நிபுணர் பத்தாண்டு கழித்துக்கூடப் பெயர் சொல்ல வாய்ப்புண்டு. பக்கவாட்டில் அழகாக எடுத்த படம், சுவரில் மாட்ட உதவும், அவ்வளவுதான்.

நெட்டீலியாவுக்குப் படம் போதாது. வனத்துறையின் அனுமதி பெற்றுச் சேகரிப்பவரானால் ஆணையும் பெண்ணையும் சேர்த்தே எடுக்க வேண்டும். செறிவு குறைந்த சாராயத்தில் போட்டால் டிஎன்ஏ கெடும். 95 விழுக்காடு எத்தனால் நல்லது. ஊசியில் குத்தி வைத்தால் பினாங்கு ஈரக் காற்றில் பூஞ்சை பிடிப்பதற்கு அதிக நாள் ஆகாது, சிலிகா ஜெல் இல்லாமல் பெட்டியை மூடவே கூடாது. ஆணின் இனவுறுப்பை வைத்து இனத்தை உறுதி செய்து, அதன் ஒரு காலிலிருந்து எடுத்த டிஎன்ஏ பட்டைக்குறியைப் பெண்ணின் பட்டைக்குறியோடு பொருத்தினால், பெயரில்லாத பெண்ணுக்குப் பெயர் கிடைக்கும். அதுவரை சீட்டில் நெட்டீலியா, பெண், இனம் தெரியவில்லை என்று எழுதி, நாள், இடம், உயரம், விளக்கின் வகை நான்கையும் சேர்த்துவிட்டால் போதும். இன்னும் கொஞ்சம் இடமிருந்தால் அன்றைக்கு மழையா நிலவா என்பதையும்.